பூட்டிய கதவின் சொந்தக்காரர்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நான் காவல் பார்க்கும் அடுக்குமாடியில் வாத்தியார் ஒருவர் தனியாக இருந்தார். போன வாரம் அவர் வீட்டுக்கதவை உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. சங்கச் செயலாளரிடம் ஓடினேன்.

"வாசலுக்கு வெளிய இருக்குற நடைதான்யா பொது. கதவு அவரு சொத்து. அவரு சொல்லாம உடைச்சா நமக்குத்தான் வம்பு."

நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் சத்தம் நின்றது. மறுநாள் போலீஸ் வந்து உடைத்தபோது வாத்தியார் கதவடியில் இறந்து கிடந்தார்.

பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் போனால் மட்டும் இன்னமும் தட்டுகிற சத்தம் கேட்கிறது. "இதோ வந்துட்டேன் சார்" என்று சொல்லிவிடுகிறேன்.

நம் வீட்டுச் சாவி ஒன்றை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்து வை. யாரையும் கேட்காமல் திறக்கச் சொல்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மகன்