கிடார் கம்பியின் உயரம்

19.8.2003, செவ்வாய்

பகல் முழுக்கத் திராட்சைப் பந்தலுக்குக் கம்பி இழுத்துக் கட்டிய அசதி. ஆனாலும் கண் மூட முடியவில்லை.

சாயங்காலம் மகள் செல்வி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் இடது கையை உதறினாள். பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

“என்னத்தா இது?”

“கிடார்ல கம்பி ஒசரமா இருக்குப்பா. ரொம்ப அமுக்க வேண்டியிருக்கு.”

“அன்னைக்குக் கேட்டப்ப நல்லாருக்குன்னயே?”

“ஆசையாச் செஞ்சு குடுத்தீக. எப்படிச் சொல்ல?”

அரத்தை எடுத்து, கம்பிகளைத் தாங்கும் கட்டையை அப்போதே ராவினேன். ராவ ராவ நானே கம்பியை அமுக்கிப் பார்த்தேன். போதும் என்று தோன்றியதும் அவளிடம் கொடுத்தேன். அமுக்கியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, “இப்ப நல்லாருக்குப்பா” என்றாள்.

செய்த அன்றும் இதே விரலால்தான் உயரம் பார்த்தேன். பந்தல் கம்பி இழுத்துக் காய்த்துப்போன விரல். இன்னும் ராவலாம்தான். அதிகம் ராவிவிட்டால் கம்பி கீழே உரசி இரையும். எங்கே நிறுத்துவது? அவளைக் கேட்டால் நல்லாருக்கு என்றுதான் சொல்வாள்.

படுக்குமுன் மறுபடி அமுக்கிப் பார்த்தேன். எனக்கு வலிக்கவே இல்லை.