கொண்டைக்குள் குளவி

20-7-84, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வந்து பார்த்தால், அந்த அண்டாவிலேயே செண்பகம் பழைய பேப்பரை ஊறப்போட்டிருக்கிறாள்! கேட்டால், "டைனோசர் செய்யறேன் அத்த" என்கிறாள். சாமி அண்டாவில்!

திட்ட மனசு வரவில்லை. என் தம்பி மகள். ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை என்று புகுந்த ஊரான காணையில் மாமியார் பேசின பேச்சுக்கு, தை மாசம் பெட்டியோடு ஒலக்கூருக்கு எங்களிடம் வந்துவிட்டாள். திண்டிவனத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சயின்ஸ் டீச்சர். தற்காலிகம்தான். விழுப்புரம் கண்காட்சியில் பரிசு வாங்கினால் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்று தாளாளர் சொல்லியிருக்கிறாராம். வேலை நிலைத்தால் காணைக்குத் திரும்பவே வேண்டாம். மயிலம் முருகா, நடந்தே வருகிறேன் உன் மலைக்கு.

25-7-84

மூங்கில் பட்டையில் உடம்பு கட்டி, மேலே காகிதக் கூழை அப்பியாச்சு. ஆறடி நீளம். நிஜத்தில் முப்பது அடியாம். வாய் வாத்து அலகு மாதிரி. முன்பக்கம் பல்லே கிடையாது. உள்ளே தாடையில் நூற்றுக்கணக்கில் அடுக்கடுக்காய்ப் பல், தேயத் தேயக் கீழிருந்து புதுசு வருமாம். (இவருக்கு நாலுதான் மிச்சம்.) நாள் முழுக்கத் தழை தின்னுமாம். மேயும்போது நாலு கால், ஓடும்போது ரெண்டு கால். தலையில் பின்பக்கமாக நீண்ட கொண்டை, நிஜத்தில் ஓர் ஆள் நீளமாம்.

"கொண்டையில இன்னாடி இருக்கு?"

"ஒண்ணுமில்ல அத்த. வெறும் குழாய். மூக்குல இழுத்த மூச்சு கொண்ட முனை வரைக்கும் போயி, திரும்பித் தொண்டைக்கு வரும். அதுல சங்கு மாதிரி சத்தம் போட்டிருக்கும்னு சொல்றாங்க."

"கொம்பு இல்ல, கூரான நகம் இல்ல. எப்படிப் பொழைச்சுது?"

"கூட்டமாத்தான். ஒண்ணு சத்தம் குடுத்தா எல்லாம் ஓடிடும்."

29-7-84

கொண்டைக்குள் ரப்பர் குழாய் வைத்து மூக்கு வழியே ஊதினாள். பூம்ம்! எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. இவர், "ஊரக் காலி பண்ணப் போறியா தாயே" என்றார். அவள் சிரித்து எத்தனை மாசம் ஆகிறது.

1-8-84

பொம்மையின் மூக்கு ஓட்டைக்குள் குளவி போய்ப்போய் வருகிறது. வாயில் மண். கூடு கட்டுகிறது!

வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை உண்டாகும். அதைக் கலைப்பது பாவம். புருஷன் காணையில், இவள் இங்கே, எப்படி என்று கேட்டால்? சாமிக்குத் தெரியாதா வழி? நாளைக்கே அவர் வந்து கூப்பிடலாம். செண்பகத்திடம் நான் சொல்லவில்லை.

5-8-84

குளவி ஓட்டையின் உள்பக்கத்தை மண்ணால் மூடிவிட்டது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தூசி படும் என்று துண்டைப் போட்டு மறைத்தேன்.

"இன்னொரு வாட்டி ஊதிப் பாக்கறேன் அத்த."

"எச்சி பட்டா பேப்பர் ஊறிக்கினு போயிடும். கண்காட்சி அன்னைக்குப் பாத்துக்கலாம், வுடு."

விட்டுவிட்டாள். ஒரு சின்ன பூச்சிக் கூடு, அதையும் மீறிச் சத்தம் வரும் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேனா?

9-8-84

விழுப்புரம். நானும் போயிருந்தேன். பல்லு, அலகு, நடை எல்லாவற்றையும் அழகாகத்தான் சொன்னாள். நடுவர், "எங்க, ஊதுங்கம்மா பாக்கலாம்" என்றார். ஊதினாள். ஒண்ணுமே வரல. கண்ணு செவக்க செவக்க ஊதுது பொண்ணு. பசங்கெல்லாம் சிரிக்குது. நடுவர் அடுத்த மேசைக்குப் போய்ட்டாரு. தாளாளர், "பொம்ம செய்யத்தான் சம்பளமா?"ன்னுட்டாரு எல்லார் முன்னாடியும். ஐயோ முருகா, நான் இன்னா பண்ணி வெச்சேன்.

10-8-84

பொம்மை மூக்கில் கம்பி விட்டுக் குத்தினாள். மண் உதிர்ந்தது. உள்ளே பச்சைப் புழுக்கள்.

"ஒனக்குத் தெரியுமா அத்த?"

"தெரியும். கொழந்த வரம்டி அது... கலைக்கக் கூடாதுன்னு..."

"எனக்குக் கொழந்த வேணும்னு ஒங்கிட்ட எப்பக் கேட்டேன்? இந்த வேலதானே கேட்டுக்கினு இருந்தேன்."

அழக்கூட இல்லை.

18-8-84

வேலை தாளாளரின் உறவுக்காரப் பெண்ணுக்கு.

26-8-84

காணையிலிருந்து அவள் மாமியார் வந்தாள். "வேலதான் போச்சே. கரும்பு வெட்டு நடக்குது, ஆளு இல்ல, கெளம்பு." ஆறு மாசமாக ஒரு கடுதாசி போடாதவள்! போகாதே என்றேன். "இங்க இருந்து இன்னா பண்ண?" என்றாள் செண்பகம். இவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள்.

30-9-84

கடுதாசி வந்தது, இவர் பேருக்கு. கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். வெட்டு முடிந்ததாம், கையில் காயமாம், புருஷனுக்கு வேறு பெண் பார்க்கிறார்களாம். கடைசியில், "அத்தை சௌக்கியமா, வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்" என்று படித்தார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

இவர் கழனிக்குப் போனதும் எடுத்து நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்த வரி அதில் இல்லை.