உன் போஸ்டரில் காரணத்தையும் போட்டேன், மாப்ளே

என் தங்கச்சிக்குத் தாலி கட்டிய நாள் முதல் என்னோடு சண்டை போட்டே அன்பு காட்டிய மாப்ளே,

உன் சாவுக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கீழ்வேளூர் ரயில்வே கேட் வரை வண்டி நின்றது. மந்திரி செத்தால்கூட அவ்வளவு மாலை விழாது. எல்லாம் உன் மச்சான் முகத்துக்காக வந்த கூட்டம், கோபிக்காதே.

வந்தவர்களில் பாதிப் பேர் இருமினார்கள். அதுதான் விஷயம்.

சம்பா அறுவடை முடிந்த கையோடு காய்ச்சலில் விழுந்தாய். டவுன் கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பினார்கள். தொண்டையில் குச்சி விட்டுச் சோதிக்கவில்லை. மூச்சுத் திணறி வீட்டிலேயே போய்விட்டாய். இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள். கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நெல் மூட்டை தூக்குகிறவனுக்கு மாரடைப்பாம்!

ஊரில் ஃப்ளூ பரவுகிறது, மருத்துவ முகாம் போடுங்கள் என்று சொல்லச் சுகாதார ஆபீசுக்குப் போனேன். எட்டாவதுதான் படித்தேன் என்றாலும், நான் போட்ட சத்தத்தில் மின்விசிறியே நின்றுவிட்டது. பதில் என்ன தெரியுமா?

"உங்க ஊர்ல ஃப்ளூ கேஸே பதிவாகலைங்களே."

சோதித்தால்தானே பதிவாகும்? பதிவானால்தான் சோதிக்க வருவார்களாம்.

அதனால் உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'இயற்கை எய்தினார்' என்பதை எடுக்கச் சொன்னேன்.

"காரணமெல்லாம் யாரும் போடறதில்லண்ணே," என்றான் அச்சகக்காரன்.

"என் மாப்ள போடுவான். நீ அடி."

'ஃப்ளூ காய்ச்சலுக்குப் பலியானார். அரசாங்கக் கணக்கில் வராதவர்.' உன் சிரிப்புக்குக் கீழே சிவப்பு எழுத்து. மாவட்டம் முழுக்க ஒட்டினேன் என்று வைத்துக்கொள்.

மறுநாளே ஆபீசிலிருந்து ஆள் வந்தார். மருந்தோடு என்றா நினைக்கிறாய்? போஸ்டரைக் கிழிக்கச் சொல்ல.

"பீதியக் கிளப்பாதீங்க பெரியவரே. இங்க ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லாத ஊருக்கு முகத்துல எதுக்குத் தம்பி மாஸ்க்கு? கழட்டிட்டு உள்ள வாங்க, என் தங்கச்சி காபி போட்டுத் தருவா."

உள்ளே அவள் இருமிக்கொண்டிருந்தாள். அவர் படி ஏறவில்லை.

ஆமாம் மாப்ளே, அவளுக்கும் வந்துவிட்டது. உனக்குப் போலவே பொழுது சாய்ந்தால் காய்ச்சல் ஏறுகிறது. அவளுக்கும் ஒரு மாரடைப்பைத் தயாராக எழுதி வைத்திருக்கிறார்களா?

விடிந்ததும் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். சோதித்து, வந்த நோயின் பெயரைச் சொல்லி, மருந்து கொடுக்கும்வரை அங்கிருந்து நகரமாட்டேன். பஸ் ஸ்டாப் சுவரில் உன் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் ஒட்டுகிற அளவுக்கு இடம் இருக்கிறது. அது காலியாகவே இருக்கும்.

உன் மச்சான்,
உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்.