சந்தைச் சைக்கிள் கொட்டிலும் ஆறடி வேலியும்

வியாழன், செப்டெம்பர் 1

கச்சான் காற்று. காலையிலிருந்து மணல். சன்னலைச் சாத்தியும் மேசைமேல் ஒரு படை. இருமுறை துடைத்தாயிற்று.

நாளை சைக்கிள் கொட்டில் திறப்பு. களவு கூடிவிட்டதென்று சந்தைக் கமிட்டி என்னிடம் ஒப்படைத்த வேலை. வீதியும் பாலமும் கட்டுவித்து ஓய்வுபெற்ற ஓவசியருக்கு இது பெரிய காரியமில்லை என்கிறார்கள். எனக்குப் பெரிது. நித்திரை குறைவு. நாளை முதல் ஒவ்வொன்றாகச் சோதித்து இதில் எழுதவேண்டியவை, ஒழுங்காக:

1. தகடு. ஒரே எண்ணில் இரண்டு. ஒன்று வண்டியில், மற்றது ஆளின் கையில்.
2. சட்டம். முன்சக்கரம் செருகும் மரச்சட்டம். நாற்பது இடைவெளி. நெருக்கமோ? அளந்து பார்க்க.
3. வேலி. தென்னோலைக் கிடுகால் ஆறடி வேலி, சுற்றிவர. வெளியே நிற்பவனுக்கு ஒரு சைக்கிள் மணியின் மினுக்கமும் தெரியக்கூடாது. கண்ணில் படாத சாமானில் கள்ளனுக்கு ஆசை வராது.
4. வாசல் படலை. ஒன்றே ஒன்று. ஒரே பூட்டு, ஒரே சாவி. அந்தத் திறப்பு வாச்சர் ஆதம்பாவாவிடம் மட்டும்.
5. வெள்ளி ஜும்ஆ. வாச்சரும் தொழவேண்டும். பாங்கு சொன்னதும் பூட்டு. ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் திற.

இதுவரை சைக்கிள்கள் பள்ளிவாசல் மதிலில் சாத்திக் கிடந்தவை. எதிரே வீரமுனைத் தயிர்க்காரிகள். ஒரே நெரிசல். இனி ஒழுங்கு.

வெள்ளி, செப். 2

திறப்பு முடிந்தது. கமிட்டித் தலைவர் ஹாஜியார் தன் சைக்கிளுக்கு முதலாம் எண் தகட்டை வாங்கிக்கொண்டார். பாங்கு சொல்லும்போது 31 வண்டிகள். ஆதம்பாவா பூட்டினார். நானே பூட்டை இழுத்துப் பார்த்தேன். இருவரும் சேர்ந்தே பள்ளிக்கு. எனக்கு இரண்டு ஆள் தள்ளி அதே சஃப் வரிசையில் நின்றார்.

தொழுது வந்து திறந்தால் 30.

மூன்றுமுறை எண்ணினேன். 17ஆம் எண் இல்லை. பூட்டு உடையவில்லை. வேலி நின்றபடி நிற்கிறது. மருதமுனை நெசவுக்காரர் இஸ்மாலெப்பையின் வண்டி. ஊர் ஊராய்ச் சாரன் மூட்டை கட்டிப்போய் விற்பவர். தகட்டை நீட்டிக்கொண்டே நின்றார்.

"ஓவசியர் காக்கா, தகடு எங்கட கையில கிடக்கு. சைக்கிள் எங்க?"

நான் நான்காம் முறை எண்ணப் போனேன். வீட்டில் சோற்றைத் தள்ளிவைத்தேன். என் மனுசி மோர் தந்தாள்.

சனி, செப். 3

வெக்கை. கமிட்டி அவசரமாகக் கூடியது. ஆதம்பாவாவை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். ஹாஜியார் நான் வரைந்த கொட்டில் படத்தை மேசையில் விரித்தார். கண்ணாடிபோட்டு மாட்டவென்று கொண்டுபோன படம்.

"ஓவசியர், பிளானில பிழை இருக்கா, இல்லையா? ஒரு சொல்லில சொல்லுங்க."

ஐந்து புள்ளிகளையும் மனதுக்குள் ஓட்டினேன். எல்லாம் சரியாக இருந்தன.

"பிளானில் பிழை இல்லை."

"அப்ப முடிஞ்சிது. பூட்டு உடையல்ல. திறப்பு இவன்ட மடியில."

ஆதம்பாவா: "ஹாஜியார், நானும் ஒங்களோடதானே நிண்டு தொழுதேன்."

பின்னாலிருந்து யாரோ: "கூட்டாளிட்டத் திறப்பக் குடுத்துப்போட்டும் தொழலாம்."

சிரிப்பு. திறப்பை வாங்கிவிட்டார்கள். புதனுக்குள் வண்டி வராவிட்டால் ஆளைப் பொலிசில் கொடுப்பதாம். ஆதம்பாவா என்னைத்தான் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வாங்க மறந்துபோனேன்.

ஞாயிறு, செப். 4

காற்று குறைவு. முழக்கோலும் கொப்பியும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். வேலியை முடிச்சு முடிச்சாகப் பார்த்தேன். முடிச்செல்லாம் உட்பக்கம் வரவேண்டுமென்பது என் கட்டளை. அப்படியே கட்டியிருக்கிறார்கள்.

பின்பக்கம், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையை ஒட்டி, நாலு கிடுகில் மட்டும் முடிச்சு வெளிப்பக்கம்.

கள்ளன் வெளியிலிருந்து இடுக்கில் கைவிட்டு அவிழ்த்து, வண்டியை எடுத்து, திரும்பவும் கட்டியிருக்கிறான். நல்ல இறுக்கமாக. அவசரமே இல்லாமல்.

அகலம் மூன்றடி இரண்டங்குலம். ஒரு சைக்கிளைச் சரித்து எடுக்கப் போதும்.

அப்படியானால் திறப்புக்கு வேலையில்லை. அளவைக் கொப்பியில் இருமுறை எழுதினேன். உடனே ஹாஜியாரிடம் போயிருக்க வேண்டும். வாசல்வரை போனேன். உள்ளே ஆட்கள் கதைக்கும் சத்தம். திரும்பிவிட்டேன். "அந்த முடிச்சையும் ஆதம்பாவாதான் போட்டிருப்பான்" என்று சொல்வார்கள். இன்னும் ஆதாரம் வேண்டும். (இது நியாயமா, பயமா? தெரியவில்லை.)

திங்கள், செப். 5

தயிர்க்காரி பொன்னம்மாவைத் தேடிப்போனேன். கொட்டிலுக்காக அவர்களை மீன் பக்கம் தள்ளிவிட்டவனே நான். சட்டிகளுக்கு ஈரச்சாக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஐயா. தயிருக்கா, துரத்தவா?"

வெள்ளி ஜும்ஆ நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்டேன்.

"எங்க போற? நீங்க எல்லாரும் பள்ளிக்குள்ள போனா, சந்தையில மிஞ்சிற ஆக்கள் நாங்கதானே. வேலிக்கு அங்கால சரசரண்டு ஒரு சத்தம். ஆடு கிடுகத் திண்ணுது எண்டு நினைச்சன். எழும்பிப் பார்த்தாலும் என்ன தெரியும்? ஓங்கட வேலி என்ட தலைக்கு மேல."

"எவ்வளவு நேரம்?"

"ஓதுற சத்தம் கேட்டுக்கொண்டு இருந்தது. முடியமுதல் சரசரப்பு நிண்டிட்டு." சாக்கை உதறினாள். "முந்தி சைக்கிள் எல்லாம் எங்கட கண்ணுக்கு முன்னால மதிலில கிடந்தது. வெள்ளி மத்தியானம் ஒண்டாவது போனதா? கேட்டுப் பாருங்க."

கேட்கவேண்டியதில்லை. கொட்டில் வேலைக்காகக் கமிட்டி தந்த களவுப் பட்டியல் என்னிடமே இருக்கிறது. தேதி, இடம், சொந்தக்காரர் எல்லாம் உண்டு. கிழமை மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து கலண்டரை வைத்து ஒவ்வொன்றுக்கும் கிழமை போட்டேன்.

ஒன்றுகூட வெள்ளி இல்லை.

அறுபத்தெட்டு வயது. புத்தி தெரிந்த நாள்முதல் வெள்ளி அந்த நேரத்தில் பள்ளிக்குள்தான் இருந்திருக்கிறேன். அந்த நேரத்துச் சந்தை எப்படி இருக்குமென்று நான் கண்டதேயில்லை. ஹாஜியார் கண்டதில்லை, கமிட்டியில் ஒருவரும் கண்டதில்லை. நாங்கள் இல்லாவிட்டால் அங்கே ஆளே இல்லையென்று எண்ணிக்கொண்டு வேலி கட்டினோம். காவல் இருந்த கண்களை நானே எழுப்பி மீன் பக்கம் அனுப்பினேன்.

செவ்வாய், செப். 6

மூக்கடைப்பு. மணலால்.

கமிட்டிக்கு வாக்குமூலம் எழுதினேன். "வேலியின் அமைப்பில் சில குறைபாடுகள் காணப்படுவதாகத் தெரிகிறது." கிழித்தேன். யார் காண்பது, யாருக்குத் தெரிகிறது? மேலும் இருமுறை எழுதினேன். கிழித்தேன்.

மனுசி: "இஞ்சருங்க, மூண்டு தரம் கிழிச்சாச்சு. கடுதாசி என்ன பாவம் செஞ்சிது?"

"நாளைக்குச் சிரிப்பார்கள்."

"சிரிக்கட்டும். ஆதம்பாவாட பொண்டாட்டி கிணத்தடிக்கு வந்தா. ஒரு பொம்புளையும் அவவோட கதைக்கல்ல. நானும் கதைக்கல்ல, ஓங்கட சொல்ல நம்பி." தேங்காயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் தரம் எழுதினேன். ஆறு வரி. கிழிக்கவில்லை.

புதன், செப். 7

காலை பத்து மணி. கமிட்டி. ஹாஜியார், மற்ற ஐவர், இஸ்மாலெப்பை, வாசலோரம் ஆதம்பாவா. வெளியே ஒரு கான்ஸ்டபிள் வந்து நின்றார்.

எழுந்து வாசித்தேன். ஹாஜியார் இடைமறித்தார்.

"சத்தமா வாசிங்க, ஓவசியர். ஈ பறக்கிறதும் கேக்குது, நீங்க கதைக்கிறதுதான் கேக்குதில்ல."

மறுபடி முதல் வரியிலிருந்து. வெளிப்பக்க முடிச்சு நாலு. மூன்றடி இரண்டங்குலம். பொன்னம்மா சொன்னது. பட்டியலின் கிழமைகள். சனியன்று பிழை இல்லையென்று நான் சொன்னது தவறு.

பிறகு மூலையிலிருந்து: "நாப்பது வருசம் பாலம் கட்டின மனுசனுக்கு ஒரு வேலி கட்டத் தெரியாமப் போயிட்டுதே."

சிரித்தார்கள். நினைத்ததைவிடச் சீக்கிரம் ஓய்ந்தது.

ஹாஜியார் சிரிக்கவில்லை. எல்லாரையும் எழுப்பிக் கொட்டிலுக்கு நடத்தினார். முடிச்சுகளைக் குனிந்து பார்த்தார். ஒன்றைத் தானே வெளியிலிருந்து அவிழ்த்துக் கட்டிப் பார்த்தார். கான்ஸ்டபிளிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார், அவர் போய்விட்டார்.

"சரி. அப்ப இந்த மனுசன்ட சைக்கிளுக்கு ஆரு பொறுப்பு?"

அவரது வண்டி கிடைக்கும்வரை என் வண்டியைப் பாவிக்கட்டும் என்றேன். முன்கூட்டி யோசித்தது அல்ல. வாயில் வந்தது.

இஸ்மாலெப்பை என் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். "சீற்று கட்டையாக் கிடக்கு காக்கா. முழங்கால் நாடியில முட்டும்." ஆனாலும் சாரன் மூட்டையைக் கரியரில் வைத்துக் கட்டத் தொடங்கினார்.

தீர்மானம்: வேலியை இடுப்பளவுக்கு வெட்டுவது. தயிர்க்காரிகளைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டிலுக்கு எதிரே இருத்துவது. ஆதம்பாவாவுக்குத் திறப்பு. ஹாஜியாரே நீட்டினார். அவர் உடனே வாங்கவில்லை.

"முதல்ல வேலிய வெட்டுங்க. புறகு வாங்குறன்."

வெட்டினார்கள். அஸர்த் தொழுகைக்குள் முடிந்தது. ஒழுங்கையிலிருந்து பார்த்தால் சட்டங்கள், கொட்டிலுக்குள் நிற்பவர்களின் முகங்கள், எல்லாம் தெரிகின்றன. வெட்டிய கிடுகைச் சுமந்துபோனது ஆதம்பாவாதான். நான் ஒரு நுனியைப் பிடிக்கப் போனேன். விடவில்லை.

"சனிக்கிழமை ஏன் சொல்லல்ல, காக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. நான் நின்றேன். அவர் கிடுகோடு போய்விட்டார்.

சனிக்கிழமை எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆனால் தெரியாது என்றும் அன்று நான் சொல்லவில்லை. பிழை இல்லை என்றே சொன்னேன்.

வியாழன் எழுதிய ஐந்தில் மூன்றாவது, வேலி, பிழை.