உன் முகவரியைக் கொடுத்தது நான்தான்

அன்பு மகனுக்கு,

நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவைக் கையில் எடுக்கிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதினால் அது உடம்பைப் பொறுத்தவரை உண்மைதான். அப்பா மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார், சமையலறைக் குழாய் சொட்டுவதை ஒருவழியாக ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்திவிட்டுப் பட்டென்று வைத்ததிலிருந்து இந்த வீட்டில் ஒருவருக்கொருவர் பேச்சு ஓடவில்லை. “என் அட்ரஸை கோர்ட்டு ஆளுங்ககிட்ட எந்த நாய் கொடுத்துச்சு”ன்னு நீ கேட்டது எனக்கும் நன்றாகவே கேட்டது, அப்பா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடித்திருந்தார். அவருக்கு நிஜமாகவே தெரியாது, பாவம், தெரியாது என்றுதான் சொன்னார். கொடுத்தது நான்தான். நாய் என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வாசலில் உட்கார்ந்து காவல் காப்பதுதானே என் வேலை. போனில் சொன்னால் நீ பாதியில் கத்துவாய், நான் பாதியில் அழுவேன், ஒன்றும் உருப்படியாகப் பேசி முடிக்க மாட்டோம். அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரைக்கும் படி.

நான் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும், அங்கே என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு பக்கம் தெருக்கதவு, இன்னொரு பக்கம் வகுப்பறைகளுக்குப் போகும் கண்ணாடிக்கதவு, இரண்டுக்கும் நடுவில் என் மேஜை. கண்ணாடிக்கதவைப் பூட்டவும் திறக்கவும் மேஜைக்கு அடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. நாள் முழுக்க எனக்கு உள்ள வேலை, பெற்றோரிடம் முடியாது என்று சொல்வதுதான். மணி அடித்த பிறகு குழந்தையோடு ஓடி வருகிறவர்களிடம், தாமதச் சீட்டு வாங்காமல் வகுப்புக்குப் போக முடியாது என்பேன். ராத்திரி காய்ச்சல் அடித்த பிள்ளையைக் காலையில் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு நைசாக நழுவப் பார்க்கிறவர்களைக் கூப்பிட்டு, ஒரு முழுநாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் சேர்ப்போம் என்பேன். இருமல் மருந்தைப் பையில் போட்டு அனுப்பாதீர்கள், என்னிடம் கொடுங்கள் என்பேன். பிறந்தநாள் கேக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்வேன், ஏனென்றால் முட்டையும் கடலையும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். மறந்துபோன ரப்பருக்காகவும் ஒரு கால் செருப்புக்காகவும் மூச்சிரைக்க வருகிறவர்களிடம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் உள்ளே போகக் கூடாது என்பேன். எனக்கு அங்கே ‘கறார் மேடம்’ என்று பெயர். ஒருநாள் மழைக்குக் குடை கொண்டுவந்த உன் அப்பாவையே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வைத்துவிட்டேன், அதற்கு அவர் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் என்னை மேடம் என்றே கூப்பிட்டார். எல்லாவற்றிலும் கறாரான விதி ஒன்று உண்டு. குழந்தையை யார் கூட்டிக்கொண்டு போகலாமோ அவர்களுடைய படம் குழந்தையின் அட்டையில் இருக்க வேண்டும். படம் இல்லாதவர் சொந்த மாமாவாக இருந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

இப்போது உன் சிநேகிதன் கதைக்கு வருகிறேன். ஒட்டடை என்பது ஆறாம் வகுப்பில் அவன் ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்து நின்றதால் நீ வைத்த பெயர்தான், எனக்கும் அவன் இன்றுவரை ஒட்டடைதான். அவன் மகள் பட்டாணி எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவனும் அவன் மனைவியும் பிரிந்திருக்கிறார்கள், வழக்கு நடக்கிறது, இது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இந்த வருஷம் பள்ளி திறந்தபோது அந்தப் பெண் கோர்ட்டு உத்தரவோடு வந்தாள். தீர்ப்பு வரும்வரை அப்பா பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துப் போகக் கூடாது என்று அதில் இருந்தது. பட்டாணியின் அட்டையிலிருந்து ஒட்டடையின் படத்தை எடுத்தது இந்தக் கைதான். அதை எடுக்கும்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. உன்னிடமோ அப்பாவிடமோ நான் மூச்சு விடவில்லை, பள்ளிக்கூடத்துச் சங்கதியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பதும் அங்கே ஒரு விதி.

போன மாதம் ஒரு மழைநாளில், பிள்ளைகள் மத்தியானம் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு, ஒட்டடை வந்தான். நன்றாகச் சவரம் செய்து, தலை வாரி, கையில் புதுசாக ஒரு சின்ன ரெயின்கோட்டோடு வந்தான். வாசலில் கார் அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றது. “அம்மா, எப்படி இருக்கீங்க, அப்பா காலு எப்படி இருக்கு”ன்னு சிரித்துக்கொண்டே கேட்டான். பட்டாணிக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், கொஞ்சம் கூப்பிடுங்கள் என்றான். முடியாது கண்ணா, உனக்கே தெரியுமே என்றேன். அவன் அதையும் விளையாட்டாக எடுத்துக்கொண்டு, “என்கிட்டயுமா கறார் மேடம்”னு சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, ஏதோ நம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறவன் மாதிரி சொன்னான்: “உங்க பையன்கிட்ட எல்லாம் பேசிட்டேம்மா. அவன்தான் சொன்னான், அம்மா உட்கார்ந்திருக்காங்க, உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, கூட்டிட்டு வந்துடுன்னு. சாயந்தரம் ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு. அவன் வீட்லதான் இருக்கப் போறோம்.” அதில் ஒளிக்க வேண்டியது ஒன்றும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் நீ அவனுக்கு அவ்வளவு தைரியம் கொடுத்திருந்தாய். என் பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரைச் சாவி மாதிரி எடுத்து இன்னொருவன் கையில் கொடுத்திருக்கிறான் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

நான் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடிக்கதவு ‘டக்’ என்று பூட்டிக்கொண்ட சத்தம் அவனுக்கும் கேட்டது. அதன்பிறகு அவன் முகம் நான் பார்த்த முகமாக இல்லை. கதவைப் பிடித்து உலுக்கினான், திறங்க என்றான், திறக்க மாட்டேன் என்றேன். மேஜையின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என் முகத்துக்கு நேரே குனிந்து, “நான் அவளோட அப்பன்மா! வழிப்போக்கன் இல்ல! உங்களைப் போய் அம்மான்னு கூப்பிட்டேனே, உங்க கையால எத்தனை தடவை சாப்பிட்டிருப்பேன்”னு கத்தினான், பக்கத்திலிருந்த நாற்காலியை எட்டி உதைத்தான். அந்த அறையில் நானும் அவனும்தான். அம்மைபோட்ட காலத்தில் பத்து நாள் நம் வீட்டில் கிடந்த பிள்ளை, அவன் வாந்தியைத் துடைத்திருக்கிறேன், அவனைப் பார்த்து எனக்கு அன்று பயமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். உட்காரு கண்ணா, உட்காருன்னு சொல்லிக்கொண்டே மேஜைப் போனை எடுத்துத் தலைமையாசிரியையிடம், இரண்டாம் வகுப்பை வெளியே விடாதீர்கள் என்றேன். ஆனால் அதற்குள் அவர்கள் கைகழுவப் புறப்பட்டுவிட்டார்கள். தாழ்வாரத்தில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், நடுவில் பட்டாணி.

அவன் பார்த்துவிட்டான். கண்ணாடியைத் தட்டி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கூப்பிட்டான் என்றா சொல்வது, அலறினான். அவள் திரும்பிப் பார்த்தாள். ஓடி வருவாள் என்றுதான் நானும் நினைத்தேன், அப்படி வந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவள் வரவில்லை. சிவந்துபோன அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, டீச்சரின் துணியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அவர் பின்னால் ஒளிந்துகொண்டாள். டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒட்டடைக்கு உடம்பில் இருந்த காற்றெல்லாம் இறங்கிப்போன மாதிரி ஆகிவிட்டது. தான் உதைத்துத் தள்ளிய நாற்காலியைத் தானே நிமிர்த்தி வைத்து அதில் உட்கார்ந்து, “என்னைப் பார்த்துப் பயந்துட்டாம்மா”ன்னு சொன்னான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. தலைமையாசிரியை உள்பக்கம் நின்றுகொண்டு, போலீஸைக் கூப்பிடட்டுமா என்று சைகையில் கேட்டார், கொஞ்சம் பொறுங்கள் என்று கைகாட்டினேன். ரெயின்கோட்டை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனான். அது போன வருஷத்து அளவு, அவளுக்கு முழங்கை வரைக்கும்தான் வரும். அவன் கார், முன்கண்ணாடியில் வைப்பர் ஆடிக்கொண்டே இருக்க, வெகுநேரம் தெருவில் நின்றது. ஒரு பக்கம் உள்ளே அந்தக் குழந்தை, ஒரு பக்கம் இந்த மழையில் இவன் எப்படி ஓட்டிக்கொண்டு போவானோ என்று நான் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தேன்.

அவன் மனைவிக்குச் சொல்லியனுப்பினோம், அவள் வேலை உடுப்போடு நனைந்துகொண்டு ஓடி வந்தாள். வீட்டுக்கு வந்தால் அத்தை என்பாள், பள்ளிக்கூடத்தில் மேடம் என்பாள், அன்று பள்ளிக்கூடத்திலேயே அத்தை என்றாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள், இல்லை அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “அவர் சாப்பிட்ட மாதிரி இருந்தாரா அத்தை”ன்னு கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு தலைமையாசிரியை, குழந்தையை எங்கே கொண்டுபோவதாகச் சொன்னான் என்று என்னைக் கேட்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் பெயர் இதில் வந்தே இருக்காது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. எதிரே அவள் நிற்கிறாள், நாளைக்கு அவன் வேறு வழியில் முயன்று குழந்தையைக் கொண்டுபோய்விட்டால் எந்த ஊரில், எந்தத் தெருவில் தேடுவாள்? என் மகன் வீட்டுக்கு என்று சொல்லி, உன் முகவரியை என் கையால் எழுதிக் கொடுத்தேன். அதுதான் அவள் வக்கீல் வழியாகக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது.

சொந்தப் பிள்ளையைப் பெற்ற அப்பன் கூட்டிக்கொண்டு போகக் கூடாதா என்று நீ அப்பாவிடம் கேட்டாயாம், அப்பாவும் அதையேதான் என்னைக் கேட்கிறார். அந்தக் குடும்பத்தில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது. ஒட்டடை கெட்டவன் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நாளைக்கே கோர்ட்டு அவனிடம் விடச் சொன்னால், பட்டாணியின் பையை அவள் தோளில் மாட்டி நானே கதவைத் திறந்து அனுப்புவேன். ஆனால் சாயந்தரம் மணி அடித்து, எல்லாப் பிள்ளைகளும் போய், அந்தத் தாய் என் மேஜைக்கு முன்னால் வந்து, என் பொண்ணு எங்கே என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன், அதை யோசித்தாயா? உன் வீட்டில் அந்தக் குழந்தை கண்விழித்து, அம்மா எங்கே என்று கேட்டால் நீ என்ன சொல்லியிருப்பாய்? நண்பனுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்தாய், உனக்கு நல்ல மனசு, அது எனக்குத் தெரியாதா. இருந்தாலும் கோபம் கோபம்தான்டா. இன்னும் எனக்கு ஆறவில்லை.

கோர்ட்டிலிருந்து உன்னைக் கூப்பிட்டவர் திரும்பவும் கூப்பிடுவார். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடு, அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதே. அவனுடைய வக்கீலே அவனிடம், அந்த ரயிலில் ஏறியிருந்தால் இனிமேல் மகளைக் கண்ணால்கூடப் பார்க்க விட்டிருக்க மாட்டார்கள் என்று சொன்னாராம். இப்போது சனிக்கிழமைதோறும் ஓர் அதிகாரி பக்கத்தில் இருக்க, ஓர் அறையில் அவளைப் பார்க்க விடுகிறார்கள். முதல் வாரம் அவள் நாற்காலியை விட்டு இறங்கவே இல்லையாம். இரண்டாவது வாரம் கிட்டே வந்து வாயைத் திறந்து, ஆடுகிற பல்லை அவன் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னாளாம். இதெல்லாம் அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனான். நான் டீ கொண்டுபோய் வைத்தேன், குடித்தான், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கும்போது பார்க்கட்டும்.

அடுத்த வாரம் அவன் லீவு போட்டுவிட்டு உன்னிடம் வருகிறானாம், தனியாக. வரட்டும். நன்றாகச் சாப்பிடப் போடு, இரண்டு நாள் தூங்க விடு, புலம்பினால் கேள், ஆனால் தூபம் போடாதே. குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று அவன் மறுபடி கேட்டால் நீ முடியாது என்று சொல்ல வேண்டும். நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். அடுத்தமுறை அதை நீதான் சொல்ல வேண்டும், அவன் உன் முகத்தைப் பார்க்காமல் போனாலும் சரி.

எங்கே இருந்தாலும் நீ நல்லபடியாக இருக்க வேண்டும், நாலு பேர் உன்னை நம்பி வந்து நிற்கும்படி நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். மறக்காமல் அப்பாவுக்குத் தனியாகப் போன் போட்டுப் பேசு, கத்தியதற்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல், என்னிடம் சொல்ல வேண்டாம்.

உன்மேல் கோபமும் அதைவிட அதிகப் பாசமும் உள்ள
அம்மா