பன்னிரண்டு மணித் தண்ணீர்

அண்ணே,

ஊராட்சி அலுவலகக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் திறக்கும் உங்கள் வால்வுச் சாவி சாய்ந்து நிற்கிறது. இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, மேலே குறுக்காகக் கைப்பிடி. வெயிலில் கை சுடுகிறது என்று அந்தக் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி வைத்திருந்தீர்கள். பத்து மணிக்கு மேல் ஜன்னல் வெயில் அதன்மீது விழுந்தால் ரப்பர் வாடை அறை முழுக்கப் பரவும். இன்றும் பரவியது. மேசையில் இந்த ஆண்டுக்கான கோடை வெப்பத் திட்டப் படிவம் கிடந்தது. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் படிவம் முதன்முதலாக வந்த கோடை உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றிய அலுவலகக் கூட்டத்தில் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து, ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றவிட்டேன். பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை யாரும் வெளியே வர வேண்டாம் என்று என் குரலிலேயே பதிவு செய்திருந்தேன். செயலராக வந்து நான் செய்த முதல் பெரிய காரியம் என்று எனக்கு ஒரே பெருமை. நீங்கள் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து சிரித்தீர்கள்.

"ஏந்தங்கச்சி, பன்னெண்டுலருந்து மூணு வரைக்கும் வெளிய வராதீகன்னு மைக்குல சொல்றீக. நான் ஒரு மணிக்குத்தான தண்ணி விடுறேன்? அம்புட்டுப் பொம்பளைகளும் வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு குழாயக் கும்பிடுறதா?"

எனக்கு முகம் செத்துவிட்டது. டேங்க் ஆபரேட்டரான உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. காலையில் ஒன்பது மணிக்கு மேல்தான் மும்முனை மின்சாரம் வரும், மோட்டார் ஓடி டேங்க் நிரம்பப் பகலாகிவிடும், அதனால்தான் ஒரு மணித் தண்ணீர் என்று நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். சரி, பகலில் நிரப்பியதைப் பூட்டி வைத்து மறுநாள் காலை ஐந்து மணிக்கு விடலாமே என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே "விடலாந்தான்" என்றீர்கள். அந்தத் "தான்" எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே கீழக் காலனிப் பெண்கள் காலிக் குடங்களோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே எல்லா வீட்டிலும் மல்லிகைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள். விடியும் முன் கிளம்பி, பூ எடுத்து, எடை போட்டு, வீடு திரும்பப் பன்னிரண்டு ஆகிவிடும். ஐந்து மணிக்குத் தண்ணீர் விட்டால் பிடிக்க ஆள் ஏது? அவர்கள் உச்சி வெயிலில் தோட்டத்துக் கிணறுகளுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஊர் நடுவில் இருந்த வெயிலை எடுத்து நான் கீழக் காலனியின் தலையில் வைத்திருந்தேன். சாயங்காலம் விட்டுப் பார்த்தோம். டேங்க் மட்டம் இறங்கி, விடியற்காலையில் மேலத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் ஓடும்போது விட்டால்தான் விட்டது மறுபடி நிரம்பும். இதற்கு எந்த நேரம்தான் சரியான நேரம் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை.

நீங்கள் ஒரு வழி சொன்னீர்கள். "காலனி முக்குல ஒரு பிளாஸ்டிக் தொட்டி வச்சிருங்க தங்கச்சி. பத்து மணிக்கே நான் ரொப்பிப்புடுவேன். அவுக வந்து செத்த நேரத்துல பிடிச்சுட்டுப் போயிருவாக." படிவத்தில் மோர்ப் பந்தலுக்கு இடம் இருந்தது, உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு இருந்தது, தொட்டிக்கு இல்லை. அடுத்த வருசம் பார்ப்போம் என்றேன். நீங்கள் என்னை மேடம் என்று கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம். அன்றைக்கு "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அதன்பிறகு காலனிக்காரர்கள் சண்டைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு ஒரு நாள் தெரிந்தது. வரி நோட்டீஸ் கொடுக்கப் போனவள், பன்னிரண்டு மணிக்கு உங்களைக் காலனி வால்வுக் குழியருகே பார்த்தேன். சுற்றி ஒரு மரம் கிடையாது. தலையில் ஈரத்துண்டு, கையில் இந்தச் சாவி. "சும்மா வால்வப் பாக்க வந்தேன்" என்றீர்கள். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. நானும் சும்மா தலையாட்டிவிட்டு வந்தேன். பன்னிரண்டு முதல் மூன்று வரை குடிநீர் விநியோகம் இல்லை என்று அந்த மாத அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கூட்டத்தில் நம் ஊராட்சியைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டது எனக்கு இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

போன சித்திரையில் அந்தக் குழியருகேதான் நீங்கள் விழுந்தீர்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் நெஞ்சு வலி என்றார்கள். உங்களுக்குச் சர்க்கரை இருந்தது, பீடியும் விடவில்லை. அதனால் வெயிலா, சர்க்கரையா, பீடியா, நான் மாற்றிய நேரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன், மறுநாள் வேறொன்று. தொட்டி வைத்திருந்தால் இருந்திருப்பீர்கள் என்று தோன்றுகிற நாட்களில் சாப்பாடு இறங்குவதில்லை.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள், உங்கள் வீட்டில் மதினி என்னிடம் கேட்டார். "விடியக்காலமே தண்ணி விட்டுட்டு வந்துருவாரே. பன்னெண்டு மணிக்கு அங்க என்ன வேலை அவருக்கு? ஒங்களுக்கு எதுவுந் தெரியுமா?"

"தெரியல மதினி" என்றேன்.

இப்போது உங்கள் வேலையை மதினிதான் பார்க்கிறார். காலையில் ஐந்து மணிக்கு ஊருக்கு விடுகிறார்; டேங்கடி வால்வுக்குச் சாவி வேண்டாம், கையாலேயே திருகலாம். பன்னிரண்டு மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போகிறார். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொட்டிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

இன்று படிவத்தோடு பழைய நகலையும் எடுத்துப் பார்த்தேன். வெயிலால் பாதிக்கப்படக்கூடியோர் என்று ஒரு கட்டம். முதியோர், கர்ப்பிணிகள், நூறு நாள் வேலைக்காரர்கள், பூ எடுப்பவர்கள் என்று பார்த்துப் பார்த்து நிரப்பியிருந்தேன். உங்கள் பெயர் அதில் இல்லை. அது அடுத்த பக்கத்தில், பொறுப்பாளர்கள் கட்டத்தில், குடிநீர் என்பதற்கு எதிரே இருந்தது. ஊரில் எல்லோரையும் நினைத்த எனக்கு, என் எதிரில் தினமும் வியர்த்துக்கொண்டு நின்ற ஆளை நினைக்கத் தோன்றவில்லை.

மதினி பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதி, படம் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஒன்றியத்திலிருந்து போன். "ஒரே பேரு ரெண்டு எடத்துல வருது மேடம். கம்ப்யூட்டர் எடுக்காது. ஒண்ணுல எடுத்துருங்க."

"எதுல எடுக்குறது சார்?"

"அது நீங்கதான பாக்கணும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. அப்போது மதினி சாவிக்கு வந்து நின்றார். நான் எழுந்து அதை எடுத்தேன், ஆனால் நீட்டவில்லை.

"அவர் பன்னெண்டு மணிக்கு அங்க போனது எனக்குத் தெரியும் மதினி. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

மதினி என் முகத்தைப் பார்க்காமல் சாவியைப் பார்த்தார். "தெரியும். நீங்க அவரப் பாத்துட்டுப் போனத மொத நாளே காலனிப் பொம்பளைக சொல்லிட்டாக. நீங்களா வாயத் தொறக்கட்டும்னுதான் இருந்தேன்" என்றார். பிறகு, "சாவியக் குடுங்க, நேரமாச்சு. அவுக வெயில்ல நிப்பாக."

கொடுக்கவில்லை அண்ணே. "நீங்க இருங்க, இன்னைக்கு நான் போறேன்" என்று கிளம்பிவிட்டேன். அவர் இருக்கவில்லை, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூடவே வந்தார். வால்வுக் குழியருகே நின்றால் தலைக்குள் ரத்தம் கொதிக்கிறது. டியூபையும் மீறிக் கை சுடுகிறது. பட்டென்று திறந்தால் குழாய் வெடித்துவிடும், ஒன்பது சுற்று, மெதுவாகச் சுற்ற வேண்டும் என்று மதினி சொன்னார். நீங்கள் சொல்லிக்கொடுத்ததாம். ஆறாவது சுற்றில் எனக்குக் கண் இருட்டியது. மீதி மூன்றையும் அவர் சுற்றினார்.

இதைத் திட்டம் என்று யாரும் எழுத முடியாது. நாளைக்கு என்ன நேரம் எழுதுவேன், பெயரை எந்தக் கட்டத்தில் எடுப்பேன், எனக்கே தெரியவில்லை. சாவியை மட்டும் கதவுக்குப் பின்னால் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு மதினி அதைக் கேட்டு என்னிடம்தான் வர வேண்டும், தனியாகப் போக முடியாது.