மௌன ஜெபத்தில் முடித்துவிட்ட விவகாரம்

ஆண்டவருக்குள் என் மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் தங்கையும் அவள் பிள்ளைகளும் சுகம். முட்டி வலி மட்டும் என்னோடு எழுந்து என்னோடு படுக்கிறது. நீ சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. மனசு பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் மருமகள் பிரித்துவிடுவாள். உன் மானத்தைக் காப்பாற்ற நான் செய்கிற கடைசிக் காரியம் இது.

நான் அஞ்சாம் கிளாஸ்தான். நீ எழுதியதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். உபவாச ஜெபத்தில் ஊரே முழங்காலில் இருக்கும்போது, சபைச் செயலாளர் ஐயாவுக்கு, அதாவது உனக்கு, சிகரெட் வேண்டியிருந்தது. பாடகர் அறைக்குள் போனார். அங்கிகளில் வாடை பிடிக்கக்கூடாது என்று ஜன்னலைத் திறந்தார். என்ன ஒரு பொறுப்பு! பிடித்து முடித்து, வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு வந்து, முடிவு ஜெபமும் செய்தார். ஜன்னலை மறந்துவிட்டார். அன்றைக்குப் பெய்த மழையில், அந்த அறையில் இருந்த, சபையார் எல்லோரும் சேர்ந்து வாங்கிய கீபோர்டு நனைந்து செத்துப்போனது. அங்கியெல்லாம் பூஞ்சணம். பழி யார் தலையில்? சாவி வைத்திருக்கிற மணிக்காரர் தலையில். மணியடித்து, கோயிலைப் பெருக்கி, பின்கட்டு அறையில் பெண்டாட்டியோடு குடியிருக்கிற மனுஷன். ஜெபத்துக்கு முன்னாலேயே ஜன்னலை என் கையால் சாத்தினேன் ஐயா என்று கமிட்டியில் அவர் சொல்லச் சொல்ல, நீ மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். வயசாகிவிட்டது, மறதி என்றார்களாம். மாசக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் எழுதியதும் உன் கைதானே? கையெழுத்து அழகாய் இருந்திருக்கும். சின்ன வயசிலேயே உனக்கு முத்து முத்தான எழுத்து.

அடுத்த ஞாயிறு போதகர், மௌனமாய் அவரவர் பாவத்தை அறிக்கை செய்வோம் என்றாராம். நீ கண்ணீரோடு அறிக்கை செய்தாயாம். உடனே சமாதானம் வந்துவிட்டதாம். போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுகிற நேரம்தானே விடுவார்கள் அதற்கு? அதற்குள் ஒரு குடும்பத்தை வீதியில் விட்ட கணக்கு தீர்ந்துவிட்டதா? நீ சொல்லித்தான் ஆண்டவருக்குத் தெரியுமா மகனே? அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்! தெரியாதவர்கள் கமிட்டிக்காரர்கள். அவர்களை விட்டுவிட்டு, தெரிந்தவரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.

சாத்தான் ஏமாற்றிவிட்டான் என்று வேறு எழுதியிருக்கிறாய். பாவம், அவன். அவனுக்கு சிகரெட் பழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

உன் தங்கையின் பெரியவன் சுவரெல்லாம் கிறுக்கிவிட்டு, தம்பிதான் செய்தான் என்றான். தம்பிக்கு இன்னும் நிற்கவே வரவில்லை. சொல்லி முடிக்கும் முன்னே அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மட்டும் அவன் உனக்கு மேல்.

நீ எழுதாத ஒன்றை உன் மகள் போனில் சொன்னாள். என் பேத்தி நர்ஸ் படிப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள். அதை இந்தத் தெருவில் நான் சொல்லாத வீடு இல்லை. அவள் லீவுக்கு வந்திருந்தபோது மணிக்காரர் உங்கள் வீட்டுக்கு வந்தாராம். எல்லோரும் சொல்கிறார்கள், ஒருவேளை நான்தான் மறந்துவிட்டேனோ என்னவோ, எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது, நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று உன் முன்னால் கைகூப்பினாராம். நீ மன்னித்தாயாம். தலையில் கை வைத்து ஜெபமும் செய்தாயாம். எங்க அப்பாவுக்கு எவ்வளவு பெரிய மனசு பாட்டி என்று அவள் சொல்கிறாள். ஆமாம் கண்ணு என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்தப் பொய்யை என் வாயில் வைத்தவன் நீ.

பொய் சொல்கிறவனை நான் பார்த்திருக்கிறேன். பயந்து ஒளிகிறவனையும் பார்த்திருக்கிறேன். தன் குற்றத்தை இன்னொருத்தன் தலையில் கட்டி, அந்தத் தலை மேலேயே கை வைத்து மன்னிப்பும் கொடுக்கிறவனை, பெற்ற பிறகுதான் பார்க்கிறேன்.

வெளியே சொன்னால் விசுவாசத்தில் பலவீனமானவர்கள் இடறிப்போவார்கள் என்கிறாய். நீ செயலாளர் ஆவதற்கு முன்னாலும் சபை இருந்தது. நாற்காலி போய்விடும் என்று எழுது, புரிந்துகொள்வேன். மகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எழுது, கூட உட்கார்ந்து அழுவேன். பக்திப் பேச்சு மட்டும் என்னிடம் வேண்டாம். உனக்கு முதல் ஜெபம் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். பேத்தியிடமும் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் உனக்கு வேலை மிச்சம். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடுகிறதாம். மணிக்காரரையும் அவர் பெண்டாட்டியையும் அங்கே கூப்பிடு. எழுந்து நில். அழ வேண்டாம், வசனம் சொல்ல வேண்டாம். நான் திறந்தேன், நான் மறந்தேன், தெரிந்தே சும்மா இருந்தேன் என்று சொல். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேள். அவர் கொடுக்காமலும் போகலாம். அது அவர் இஷ்டம்.

கிடைத்த சமாதானம் நிலைத்திருக்க ஜெபியுங்கள் அம்மா என்று கேட்டிருக்கிறாய். நீ பிறந்த அன்றிலிருந்து உன் சமாதானத்துக்காகத்தான் ஜெபித்தேன். இந்த வாரம் மாற்றி ஜெபிக்கிறேன். கர்த்தர் உன் தூக்கத்தை எடுத்து அந்த மனுஷனுக்குக் கொடுப்பாராக. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காமலும், பாட நின்றால் குரல் வராமலும் உன்னைக் காப்பாராக. ஞாயிறு மத்தியானம் வரைக்கும் அவர் உன்னைச் சும்மா விடாதிருப்பாராக. உன்னை அவர் இன்னும் கைவிடவில்லை என்று எனக்கு வேறு எப்படித் தெரியும்?

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்.